டிடிஎச், கேபிள், ஃப்ரீ டிஷ்: எடுக்கும்போதும் மாட்டும்போதும் செய்யக்கூடாத தவறுகள்

புது இணைப்பு எடுக்கப் போகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி "எத்தனை சேனல் வரும்?" என்பதுதான். பணம் வீணாவது அங்கேயே தொடங்கிவிடுகிறது. 250 சேனல் பேக்கில் பாதிக்கு மேல் உங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாத மொழியில் இருக்கும். "நாங்கள் பார்க்கிற இந்தப் பத்துப் பதினைந்து சேனலும் வருமா? வரியோடு சேர்த்து மாதம் எவ்வளவு?" என்று கேளுங்கள். அதற்கு முன் வீட்டில் யார் என்ன பார்க்கிறார்கள் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கிரிக்கெட் தொடருக்கு மட்டும் தேவைப்படும் விளையாட்டுச் சேனலைத் தனியாகக் குறித்து வையுங்கள். அதை வருடம் முழுக்க வைத்திருக்க வேண்டியதில்லை. தொடர் தொடங்கும்போது சேர்த்து, முடிந்ததும் நீக்கிவிடலாம்.

பட்டியலைக் கட்டணச் சேனல், இலவசச் சேனல் என்று இரண்டாகப் பிரியுங்கள். புதிய தலைமுறை, தந்தி டிவி, பாலிமர், கலைஞர் டிவி, மக்கள் தொலைக்காட்சி போன்றவற்றுக்குத் தனி விலை கிடையாது. சன் டிவி, கே டிவி, விஜய், ஜீ தமிழ் எல்லாம் கட்டணச் சேனல்கள். இலவசம் என்றால் அந்தச் சேனலுக்கு விலை இல்லை என்பதுதான் பொருள். அதை வீடு வரை கொண்டுவரும் நிறுவனத்துக்கு நெட்வொர்க் கட்டணம் கொடுத்தாக வேண்டும்.

பலரும் கோட்டைவிடுவது இந்த நெட்வொர்க் கட்டணத்தில்தான். 2019 பிப்ரவரியில் டிராயின் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) புதிய கட்டண முறை நடைமுறைக்கு வந்தபோது இதற்கு 130 ரூபாய் உச்சவரம்பு இருந்தது; 18 சதவீத ஜிஎஸ்டியோடு 153 ரூபாய் 40 காசு. 2024 ஜூலையில் டிராய் அந்த வரம்பை எடுத்துவிட்டது. இப்போது ஒவ்வொரு நிறுவனமும் தானே தொகையை வைத்துக்கொள்ளலாம். ஆகவே பேக் விலைகளை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் கணக்கு தப்பாகும். ஒருவர் சொல்லும் 200 ரூபாயில் நெட்வொர்க் கட்டணமும் வரியும் அடங்கியிருக்கலாம். இன்னொருவர் சொல்லும் 200 ரூபாய், வரி சேர்ந்தால் 236 ஆகிவிடும். இரண்டாவது டிவி இருந்தால் அதற்கான நெட்வொர்க் கட்டணம் எவ்வளவு என்பதையும் முதலிலேயே கேளுங்கள். அந்த டிவிக்கு முதல் டிவியின் பேக்கையே எடுக்க வேண்டும் என்றில்லை. சமையலறை டிவியில் இரண்டு சீரியல்தான் ஓடும் என்றால் அதற்கு ஏற்ற சின்ன பேக் போதும்.

அடுத்தது, ஒரே சேனலுக்கு இரண்டு முறை பணம் கட்டுவது. ஒரு சேனலின் எஸ்டி (சாதாரணத் தரம்), எச்டி (உயர் தரம்) இரண்டையும் ஒரே தொகுப்பில் வைக்க விதி அனுமதிப்பதில்லை. ஆனால் நீங்களே ஒரு எஸ்டி தொகுப்பு எடுத்து, அதன்மேல் எச்டி கூடுதல் பேக் ஒன்றையும் சேர்த்தால் இரண்டும் வந்து உட்கார்ந்துவிடும். ரிமோட்டில் சேனல் பட்டியலை ஒருமுறை மேலிருந்து கீழ்வரை ஓட்டிப் பாருங்கள். விஜய் இரண்டு எண்களில் வந்தால் ஒன்றுக்கான பணம் வீண். தொகுப்பில் சேர்க்கப்படும் கட்டணச் சேனலின் தனி விலை 19 ரூபாயைத் தாண்டக்கூடாது என்பதும் விதி. ஒரு குழுமத்தின் சேனல்களில் இரண்டு மட்டும் போதும் என்பவர்கள் அவற்றைத் தனித்தனியாக எடுத்தால் என்ன ஆகும் என்று கூட்டிப் பார்க்க வேண்டும். நான்கைந்து சேனல் தேவைப்பட்டால் பெரும்பாலும் தொகுப்புதான் மலிவு.

மாதக் கட்டணமே இல்லை என்பதால் டிடி ஃப்ரீ டிஷ் வாங்கி, பிறகு ஏமாந்துபோகிறவர்கள் உண்டு. அரசு ஒளிபரப்பு நிறுவனமான பிரசார் பாரதியின் இந்தச் சேவை 2004 டிசம்பரில் தொடங்கியது. இந்தி பார்க்கும் வீட்டுக்கு அது கைகொடுக்கும். தமிழுக்கு டிடி தமிழ் வரும் (பழைய பொதிகைதான், 2024 ஜனவரியில் பெயர் மாறியது). சன் டிவி, விஜய், ஜீ தமிழ் வராது. எம்பெக்-2 என்ற பழைய வீடியோ முறையில் இயங்கும் பாக்ஸை மலிவாக வாங்கினால், புதிய எம்பெக்-4 முறையில் ஒளிபரப்பாகும் சேனல்களும் வராது. சேனல் இடங்கள் ஏலத்தில் கைமாறுவதால் அவ்வப்போது பாக்ஸில் மறுபடி ஸ்கேன் கொடுக்க வேண்டும். அதைச் செய்யாமல் "சேனல் போய்விட்டது" என்று பாக்ஸையே மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள்.

கேபிளை விட்டு டிடிஎச்சுக்குப் போகுமுன் உள்ளூர்ச் சேனல்களை நினைத்துப் பாருங்கள். உங்கள் ஊர்த் தேரோட்டத்தின் நேரலை, நகராட்சிக் குடிநீர் அறிவிப்பு, பக்கத்துத் தெரு ஜவுளிக்கடை விளம்பரம், மதியம் ஓடும் பழைய படம் எல்லாம் வருவது கேபிள்காரர் நடத்தும் சேனலில். அவை செயற்கைக்கோளுக்குப் போவதில்லை. எந்த டிடிஎச் நிறுவனத்திடமும் கிடைக்காது. வீட்டில் வெளியே போக முடியாத பெரியவர்கள் இருந்தால் இதை அற்ப விஷயமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மற்றபடி அரசு கேபிளோ தனியார் கேபிளோ, உங்கள் தெருவில் பழுது என்றால் ஆள் எவ்வளவு நேரத்தில் வருகிறார் என்று பக்கத்து வீட்டில் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

டிடிஎச் எடுப்பதானால் மொட்டைமாடியிலோ பால்கனியிலோ வானம் எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்று பாருங்கள். சென்னையிலிருந்து டாடா பிளேயின் செயற்கைக்கோள் (83 பாகை, அதாவது டிகிரி, கிழக்குத் தீர்க்கரேகை) கிட்டத்தட்ட நேர் தெற்கில், கொஞ்சம் கிழக்கே ஒதுங்கி இருக்கிறது. சன் டைரக்டும் ஃப்ரீ டிஷ்ஷும் 93.5 பாகையில், தென்கிழக்கில். ஏர்டெல் 108.2 பாகையில், இன்னும் கிழக்கே தள்ளி, கொஞ்சம் தாழ்வாக. வடக்கோ மேற்கோ பார்த்த பால்கனி மட்டுமே உள்ள அடுக்குமாடி வீட்டில் எதுவும் எடுக்காது, கேபிள்தான் வழி. தென்னை மரம் மறைக்குமா என்ற பயம் பல நேரம் தேவையற்றது. சென்னையில் 93.5 பாகைச் செயற்கைக்கோள் சுமார் 68 பாகை உயரத்தில் நிற்பதால், டிஷ்ஷைவிட 10 மீட்டர் உயர்ந்த மரம் 4 மீட்டருக்குள் நின்றால்தான் மறைக்கும். ஏர்டெல்லுக்கு அதே மரம் 7 மீட்டர் தள்ளியாவது இருக்க வேண்டும்.

நிறுவனம் மாறும்போது டிஷ்ஷையும் திருப்பித்தான் ஆக வேண்டும். டிஷ் டிவியும் டி2எச்சும் ஒரே நிறுவனத்தின் கீழ் இருந்தாலும் ஒன்று 95 பாகை, மற்றது 88. சன் டைரக்ட் டிஷ்ஷில் ஃப்ரீ டிஷ் பாக்ஸை இணைக்க மட்டும் திருப்ப வேண்டியதில்லை, இரண்டும் ஒரே இடத்தைப் பார்ப்பதால்.

ஒரே டிஷ்ஷிலிருந்து இரண்டு பாக்ஸுக்கு எடுக்கும்போது நடக்கும் தவறு மிகப் பரவலானது. கேபிள் டிவிக்குப் போடும், ஒயரை இரண்டாகப் பிரிக்கும் சாதாரண ஸ்ப்ளிட்டரை டிஷ் ஒயரில் போட்டுவிடுகிறார்கள். டிஷ்ஷின் முன்னால் சிக்னலை வாங்கும் எல்என்பிக்கு பாக்ஸ் 13 வோல்ட் அனுப்பினால் ஒரு துருவ அலைகள் (ஒரு பகுதிச் சேனல்கள்) வரும், 18 வோல்ட் அனுப்பினால் மற்றவை. இரண்டு பாக்ஸும் வேறு வேறு வோல்ட் கேட்டால் 18 ஜெயிக்கும். 13 கேட்ட டிவியில் படம் போய்விடும். ஹாலில் சேனல் மாற்றினால் படுக்கையறையில் 'நோ சிக்னல்' வருவது இதனால்தான். இரண்டு அவுட் உள்ள ட்வின் எல்என்பி போட்டு, பாக்ஸுக்கு ஒன்றாகத் தனி ஒயர் இழுப்பதுதான் சரி.

ஒயர் ஆர்ஜி-6 என்ற வகையாக இருக்கட்டும். 30 மீட்டருக்குள், நடுவில் ஒட்டு இல்லாமல். ஒயர் நுனியில் மாட்டும் எஃப் கனெக்டரில் நடுச் செம்புக் கம்பி 2, 3 மி.மீ. வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். சுற்றியுள்ள வலையின் ஒரே ஒரு மயிரிழை அதைத் தொட்டாலும் வோல்ட் ஷார்ட் ஆகி எல்என்பி இயங்காது. மாடியில் கனெக்டருக்கு ரப்பர் மூடியோ சுயமாக ஒட்டிக்கொள்ளும் டேப்போ போடுங்கள். வீட்டுக்குள் நுழையுமிடத்தில் ஒயரைக் கீழ்நோக்கி ஒரு வளையம் தொங்கவிட்டால் மழைநீர் அதன் வழியே உள்ளே ஓடி வராமல் அங்கேயே சொட்டிவிடும்.

சிக்னல் பார்க்கும்போது 'ஸ்ட்ரெங்த்' எண்ணை மட்டும் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். டிஷ் தவறான இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் அது உயர்ந்து நிற்கும். 'குவாலிட்டி'தான் உண்மையைச் சொல்லும். 60 செ.மீ. டிஷ் ஏறத்தாழ 3 பாகை அகலமே பார்க்கும். ஒரு பாகை விலகினால் வெயில் நாளில் படம் நன்றாகத்தான் தெரியும், தூறல் போட்டதும் போய்விடும். ஐப்பசி அடைமழையில் பத்து, இருபது நிமிடம் படம் நிற்பது இயல்பு. தூறலுக்கே நின்றால் டிஷ்ஷைச் சரிபார்க்க ஆள் கூப்பிட வேண்டும்.

மார்ச்சிலும் செப்டம்பர் கடைசி, அக்டோபர் தொடக்கத்திலும் சில நாட்கள், தினமும் ஒரே நேரத்தில் சில நிமிடம் படம் உடைந்தால் பாக்ஸில் பழுது இல்லை. சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வருகிறது. சென்னையில் 93.5 பாகைக்குக் காலை 11 மணியை ஒட்டியும், 83 பாகைக்கு உச்சிவேளையிலும் இது நடக்கும். டிஷ்ஷைத் தொடாமல் விட்டுவிடுங்கள்.

எச்டி பேக்குக்குப் பணம் கட்டிவிட்டு, பாக்ஸை மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயரில் இணைத்திருக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. அந்த ஒயரில் எச்டி வராது. எச்டிஎம்ஐ ஒயர் வேண்டும். அதன்பிறகும் பாக்ஸ் செட்டிங்கில் படத்தின் அளவு 576 என்று இருந்தால் 1080க்கு மாற்றுங்கள். முகங்கள் அகலமாகத் தெரிந்தால் பாக்ஸில் 16:9 தேர்ந்தெடுத்துவிட்டு, டிவியில் 'ஜூம்' நிலையை எடுத்துவிடுங்கள்.

வருடச் சந்தா சலுகைக்கு ஆசைப்பட்டு முதல் மாதமே மொத்தமாகக் கட்ட வேண்டாம். ஒரு மழைக்காலம் மாத ரீசார்ஜில் ஓட்டிப் பார்த்துவிட்டுக் கட்டலாம். வாடகை வீட்டில் இருப்பவர்கள் பாக்ஸ் சொந்தமா, கேபிள்காரருடையதா என்று ரசீதில் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். வீடு மாறும்போது தகராறு வருவது அதில்தான். வெளியூர் போய்ச் சில மாதம் தங்குவதானால் இணைப்பைத் தற்காலிகமாக நிறுத்திவைக்க முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். புகார் எண்ணைத் தேடி இணையத்தில் அலைந்து மோசடிக்காரரிடம் மாட்டாமல், பாக்ஸில் 999ஆம் சேனலைப் போட்டுப் பாருங்கள். வாடிக்கையாளர் தகவலுக்கென ஒதுக்கப்பட்ட எண் அது.