கைவினைத் திருவிழா நடத்துவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொங்கு நாட்டில் கைவினைத் திருவிழா நடத்த முன்வரும் ஊர்க் குழுக்கள் பந்தலுக்கும் மேடைக்கும் காட்டும் அக்கறையில் பாதியைக்கூட, கடையில் வைக்கப்படும் பொருள் யார் கையால் ஆனது என்பதில் காட்டுவதில்லை. கேட்டவர்க்கெல்லாம் இடம் கொடுப்பதே மிகப் பெரிய தவறு. பவானி ஜமக்காளத்தையே எடுத்துக்கொள்வோம். முரட்டுப் பருத்தி நூலில் பட்டை பட்டையாக நிறம் மாற்றி நெய்யப்படும் இவ்விரிப்பு புவிசார் குறியீடு பெற்றது. 1985ஆம் ஆண்டுச் சட்டம் ஜமக்காளத்தைக் கைத்தறிக்கே ஒதுக்கியும் இருக்கிறது. ஆயினும் விசைத்தறியில் நெய்த மலிவு விரிப்புகள் இதே பெயரில் விற்கப்படுகின்றன. இரண்டையும் அடுத்தடுத்த கடைகளில் வைத்தால், வருகிறவர் விலையை மட்டுமே ஒப்பிடுவார். நெசவாளர் மாலையில் மூட்டையைப் பிரிக்காமலே திரும்புவார். ஆகவே, கைத்தறி முத்திரையையும் கூட்டுறவுச் சங்கச் சீட்டையும் பார்த்த பிறகே இடம் ஒதுக்க வேண்டும்.

தறியை அரங்குக்குக் கொண்டுவரச் சொல்வது இன்னொரு தவறு. குழித்தறி தரையில் தோண்டிய குழியோடு சேர்ந்தது. நெசவாளர் குழிக்குள் காலை வைத்து மிதிபலகையை மிதித்தால்தான் அது இயங்கும். செய்முறை காட்டத்தான் வேண்டுமென்றால், குழி வேண்டாத, மரச்சட்டத்தில் நிற்கும் சட்டத்தறி ஒன்றை முன்கூட்டியே நிறுத்தி, நீளவாக்கில் ஓடும் பாவு இழைகளைப் பிணைத்து முடிக்கப் போதிய நேரம் தர வேண்டும். பார்க்க வருகிறவர்களைப் பவானிக்கே பேருந்தில் அழைத்துச் செல்வது அதைவிட நல்லது என்பது என் கருத்து. நெய்த அளவுக்குத்தான் கூலி என்றிருப்பவருக்குத் திருவிழா நாள்கள் கூலியில்லாத நாள்கள். அவரிடமே கடை வாடகையும் வாங்குவது முறையன்று. அன்றாடக் கூலியைக் குழுவே கொடுக்க வேண்டும்.

பருவத்தை மறந்து நாள் குறிக்கவும் கூடாது. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று கோவை, பல்லடம், உடுமலைப் பக்கங்களில் பந்தலை நிற்கவிடாது (அம்மியே பறக்கும் என்கிற மாதத்தில் முறமும் கூடையும் எம்மாத்திரம்?). ஐப்பசி, கார்த்திகை மழையோ மூங்கிலுக்கும் சுடாத மண்ணுக்கும் பகை. தை, மாசியே ஏற்ற காலம்.

மூங்கில் பொருள்களை வாங்கி வைப்போர், பச்சை வாடை போவதற்குள் பிளாஸ்டிக் தாளில் சுற்றிவிடுகிறார்கள். ஈரம் உள்ளே தங்கிப் பூஞ்சை பிடிக்கிறது. மூங்கிலில் மாவுச்சத்து மிகுந்திருந்தால் வண்டு துளைத்து, கூடைக்கடியில் மாவு போலத் தூள் உதிரும். நீரில் ஊறவைத்துப் பதப்படுத்திய மூங்கிலா என்பதை முடைபவரிடமே கேட்டுக்கொள்ளலாம்.

இயற்கைச் சாயத் துணிகளுக்கு "சாயம் போகாது" என்று பலகை எழுதி வைப்பதும் வேண்டாம். மஞ்சள் சாயம் வெயிலில் வெளிறும், சோப்பு பட்டால் சிவக்கும். அவுரி நீலம் அதைவிட நெடுநாள் நிற்கும். எந்தத் துணியை எப்படித் துவைப்பது, எங்கே உலர்த்துவது என்று தமிழில் ஒரு சிறு சீட்டு எழுதித் துணியோடு கொடுத்துவிட்டால், வாங்கியவர் மறுவாரம் சண்டைக்கு வர மாட்டார்.