சைல்ட்மைண்டராக வேலை செய்துகொண்டே லெவல் 3 முடிக்க எவ்வளவு காலம் எடுக்கும்?

சைல்ட்மைண்டர் என்பவர் பதிவு பெற்று, தன் வீட்டிலேயே பிறர் பிள்ளைகளைப் பராமரிப்பவர்; லெவல் 3 என்று நான் சொல்வது சிறு பிள்ளைகளின் பராமரிப்புக்கும் கல்விக்குமான, ஏ-லெவல் நிலையிலுள்ள டிப்ளோமாவை. அதை முடிக்க விளம்பரங்கள் 12 மாதம் என்கின்றன. எனக்கு 19 மாதங்கள் எடுத்தன. வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே படிப்பவருக்கு இந்த ஏழு மாத வித்தியாசம் எங்கிருந்து வருகிறது, அதை எப்படிக் குறைக்கலாம் என்பதை, நான் தடுக்கி விழுந்த இடங்களைக் கொண்டே விளக்குகிறேன். இது இங்கிலாந்துக்கு மட்டுமே பொருந்தும். ஸ்கொட்லாந்திலும் வேல்ஸிலும் பதிவு செய்யும் அமைப்புகளும் விதிகளும் வேறு.

படி 1: உங்களுக்கு இது உண்மையிலேயே தேவையா?

இங்கிலாந்தில் சைல்ட்மைண்டராகப் பதிவு செய்ய லெவல் 3 கட்டாயமில்லை. 12 மணிநேர பீடியாட்ரிக் ஃபர்ஸ்ட் எயிட், அதாவது குழந்தைகளுக்கான முதலுதவிப் பயிற்சி (மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்), இ.வை.எஃப்.எஸ். எனப்படும், பிறப்பு முதல் ஐந்து வயது வரையான பிள்ளைகளுக்கான அரச சட்டகத்தைப் புரிந்துகொள்வதற்கான பயிற்சி, டி.பி.எஸ். எனப்படும் குற்றப் பின்னணிச் சோதனை ஆகியவைதான் அடிப்படை. ஏற்கெனவே வேலை செய்பவர்களிடம் இவை இருக்கும் என்பதால் அவற்றை இங்கே விரிக்கவில்லை. லெவல் 3 இருந்தால் கூடுதல் பிள்ளைகளை எடுக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள், அது தவறு. எட்டு வயதுக்குட்பட்ட ஆறு பேர், அவர்களில் ஐந்து வயதுக்குட்பட்டவர்கள் மூவர், அந்த மூவரில் ஒரு வயது நிரம்பாதவர் வழமையாக ஒருவர் என்ற எல்லை, சான்றிதழ் வந்த பிறகும் அப்படியே இருக்கும்.

பிறகு ஏன் படிக்க வேண்டும்? நாளை நேர்சரியில் வேலைக்குப் போனால் லெவல் 3 தகுதியுள்ள ஊழியராகக் கணக்கிடப்படுவீர்கள்; அதற்கு மேற்பட்ட படிப்புக்கும் வழி திறக்கும். எனக்கு இவற்றைவிடப் பெரிய காரணம் ஒன்று இருந்தது. ஒரு பிள்ளை பேசத் தாமதிக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும், யாரிடம் எப்படிச் சொல்ல வேண்டும் என்பதை ஊகத்தால் அல்லாமல் தெரிந்து செய்ய விரும்பினேன்.

படி 2: கற்கைநெறியின் பெயரைச் சரிபாருங்கள்

'லெவல் 3 சைல்ட்கேர், ஆறு வாரம், இணையவழி' என்று மலிவாகக் கிடைப்பவை பெரும்பாலும் உங்கள் வேலையை யாரும் நேரில் பார்க்காமலே தரப்படும் சான்றிதழ்கள். அறிவுக்கு உதவலாம், ஆனால் தகுதியாக எண்ணப்படுவதில்லை. நீங்கள் தேட வேண்டியது 'ஏர்லி இயர்ஸ் எஜுகேட்டர்' என்ற சொற்கள் பெயரில் உள்ள லெவல் 3 டிப்ளோமா. பணம் கட்டுவதற்கு முன் தகுதி எண்ணைக் கேட்டு வாங்கி, தகுதிகளை ஒழுங்குபடுத்தும் அமைப்பான ஒவ்குவலின் பதிவேட்டில் ஒருமுறையும், கல்வித் திணைக்களம் அரச இணையதளத்தில் வைத்திருக்கும் ஏர்லி இயர்ஸ் தகுதி சரிபார்ப்புச் சேவையில் இன்னொரு முறையும் தேடுங்கள். எண்ணைத் தரத் தயங்கும் நிறுவனத்தில் சேர வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

படி 3: மணிக்கணக்கைப் போடுங்கள்

இந்தத் தகுதிகளில் ஒரு கிரெடிட் என்பது ஏறத்தாழ 10 மணிநேர உழைப்பு. 60 கிரெடிட் உள்ள டிப்ளோமா என்றால் 600 மணிநேரம். எண்ணைக் கண்டு மலைக்க வேண்டாம். அதில் கணிசமான பகுதி நீங்கள் தினமும் செய்யும் வேலையிலேயே அடங்கிவிடும். பாதியை மேசையில் அமர்ந்து செய்ய வேண்டும் என்று வைத்துக்கொண்டால், வாரத்துக்கு ஆறு மணிநேரம் ஒதுக்குபவருக்கு 50 வாரங்கள் போதும். விளம்பரத்தில் உள்ள 12 மாதம் இப்படித்தான் வருகிறது. ஆனால் அந்தக் கணக்கில் காத்திருப்பு ஒரு நாள்கூட இல்லை.

ஆறு மணிநேரத்தை எங்கே எடுப்பது என்பதையும் நேர்மையாகப் பாருங்கள். பிள்ளைகள் மதியம் தூங்கும் நேரத்தை நம்பித் திட்டமிட்ட முதல் இரண்டு மாதங்களில் என்னால் டிப்ளோமாவின் ஓர் அலகைக்கூட (பாடப் பகுதியைக்கூட) முடிக்க முடியவில்லை. மூவரும் ஒரே நேரத்தில் தூங்கும் நாள் அரிது. தூங்கினாலும் அவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பதே என் வேலை. அதன் பிறகு செவ்வாய், வியாழன் இரவுகளில் இரண்டு மணிநேரம், சனிக்கிழமை காலையில் இரண்டு மணிநேரம் என்று மாற்றிக்கொண்டேன்.

படி 4: உங்கள் வீட்டில் இப்போது எந்த வயதுப் பிள்ளைகள் இருக்கிறார்கள்?

என் ஏழு மாதங்களில் பெரும் பகுதியை விழுங்கியது இந்தப் படிதான். சேர்வதற்கு முன் இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

பிறப்பு முதல் ஐந்து வயது வரையான எல்லாக் கட்டத்திலும் நீங்கள் பணியாற்றத் தெரிந்தவர் என்பதை டிப்ளோமா நிரூபிக்கச் சொல்கிறது. என் கற்கைநெறி அதை இரண்டு வயது நிரம்பாதோர், இரண்டு வயதினர், மூன்று முதல் ஐந்து வயதினர் என்று மூன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே சான்று கேட்டது. அப்போது என்னிடம் இருந்தவர்கள் இரண்டு வயதினர் இருவரும் மூன்று வயதுப் பிள்ளை ஒன்றும். கைக்குழந்தை யாரும் இல்லை. ஐந்து வயதுக்குட்பட்ட மூன்று இடங்களும் நிரம்பியிருந்ததால், சான்றுக்காக ஒரு கைக்குழந்தையைச் சேர்த்துக்கொள்ளவும் எண்ணிக்கை விதி இடம் தரவில்லை. பால் கொடுப்பது, நாப்பி மாற்றுவது, படுக்க வைப்பது ஆகியவற்றைப் பற்றிய கேள்விகளுக்கு நான் எழுதிய பதில்கள் எல்லாம் சரியாக இருந்தும், நேரில் பார்க்காமல், என் வேலையைச் சரிபார்க்கும் மதிப்பீட்டாளரால் கையெழுத்திட முடியவில்லை. அவர் மீது தவறில்லை. அப்படித்தான் இருக்க வேண்டும்.

நான்கு மாதங்கள் காத்திருந்தேன். அந்த மாதங்களை வேறு விதமாகப் பயன்படுத்தியிருக்கலாம் என்பதால் உங்களுக்குச் சொல்கிறேன்: சேரும் நாளிலேயே ஒரு தாளில் ஒவ்வொரு பிள்ளையின் பிறந்த மாதத்தையும், அவர் எந்த மாதத்தில் அடுத்த வயதுப் பிரிவுக்குப் போவார் என்பதையும், எந்தச் செப்டெம்பரில் பாடசாலைக்குப் போய்விடுவார் என்பதையும் எழுதுங்கள். விரைவில் விட்டுப்போகவிருக்கும் வயதுப் பிரிவின் சான்றுகளை முதலில் முடியுங்கள், அந்த அலகு புத்தகத்தில் கடைசியாக இருந்தாலும் பரவாயில்லை. இல்லாத வயதுப் பிரிவுக்கு முதல் மாதமே வழி தேடுங்கள். எனக்கு இறுதியில் கைகொடுத்தது அருகிலுள்ள ஒரு நேர்சரி. என்னிடம் பிள்ளைகள் வராத வெள்ளிக்கிழமைகளில் அங்கே குழந்தைகள் அறையில் சம்பளமின்றி வேலை செய்தேன். அதற்கும் அவர்கள் ஆவணங்களைச் சரிபார்க்கச் சில வாரங்கள் பிடித்தன. கைக்குழந்தையைப் பார்க்கும் இன்னொரு சைல்ட்மைண்டருடன் வேலை செய்வதும் ஒரு வழி; ஆனால் அதைச் சான்றாக ஏற்பார்களா என்பதை மதிப்பீட்டாளரிடம் எழுத்தில் பெற்றுக்கொண்ட பிறகே தொடங்குங்கள்.

படி 5: அவதானிப்பு நாட்கள்

மதிப்பீட்டாளர் வீட்டுக்கு வந்து உங்கள் வேலையைப் பார்க்கும் நாட்களே முழுப் பாதையின் மைல்கற்கள். ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலோ ஒரு குடும்பம் விடுமுறைக்குப் போனாலோ அந்த நாள் வீணாகிவிடும். அடுத்த திகதி கிடைக்க ஒரு மாதமாகலாம். ஆகவே திகதி குறிக்கும்போதே மாற்றுத் திகதி ஒன்றையும் கேட்டு வாங்குங்கள். பெற்றோரின் எழுத்துமூல அனுமதியை முன்கூட்டியே பெறுங்கள். காணொளி வழி அவதானிப்பை ஏற்கும் இடங்கள் உண்டு என்றாலும், அதற்கு வேறாக அனுமதி வேண்டும். உங்கள் கோப்பில் பிள்ளைகளின் பெயரையோ முகத்தையோ வைக்கக்கூடாது. 'பிள்ளை அ' என்று எழுதினால் போதும்.

ஒரே வருகையில் பல அலகுகளுக்கான சான்றை எடுக்க முடியும். காலையில் பிள்ளைகள் வரும் நேரம், விளையாட்டு, சாப்பாடு, பூங்காவுக்குப் போவது ஆகிய நான்கையும் உள்ளடக்கிய அரை நாளை நான் திட்டமிட்டுக் கேட்டபோது, தனித்தனியாகச் செய்திருந்தால் மூன்று வருகைகள் தேவைப்பட்டிருக்கும் வேலை ஒன்றில் முடிந்தது.

படி 6: எழுத்து வேலை

'ரிஃப்ளெக்டிவ் அக்கவுண்ட்' என்று கேட்கப்படுவது, நடந்த ஒன்றைச் சொல்லி, ஏன் அப்படிச் செய்தீர்கள், அடுத்த முறை எதை மாற்றுவீர்கள் என்று விளக்கும் குறிப்பு. முதலில் எனக்கு ஆங்கிலம்தான் சுவராக நின்றது. பாடநூல் வாக்கியங்களைப் பார்த்து எழுதியவை எல்லாம் திரும்பி வந்தன. பிறகு, பிள்ளைகள் வீட்டுக்குப் போனவுடன் கைப்பேசியில் குரல் பதிவாக, தமிழிலேயே, அன்று நடந்ததை ஐந்து நிமிடம் சொல்லி வைத்தேன்; இரவில் அதைக் கேட்டு எளிய ஆங்கிலத்தில் எழுதினேன். அதன் பிறகு ஒரு குறிப்புகூடத் திரும்பி வரவில்லை. விலை உயர்ந்த செயலிகள் எவையும் தேவையில்லை. ஒரு குரல் பதிவும், அலகு எண்களை ஓரத்தில் எழுதிய ஒரு ஏ4 கொப்பியும் எனக்குப் போதுமாக இருந்தன. ஆயத்தப் பதில்களை விற்பவர்களிடம் வாங்காதீர்கள். அவற்றில் உங்கள் வீட்டுப் பிள்ளை இருக்கமாட்டார், மதிப்பீட்டாளர் தேடுவது அந்தப் பிள்ளையைத்தான்.

படி 7: கடைசிக் காத்திருப்பு

மதிப்பீட்டாளர் முடித்ததும், மதிப்பீடு சரியாக நடந்ததா என்று சரிபார்க்கும் உள்ளகத் தர உறுதிப்பாட்டாளர் கோப்பைப் பார்ப்பார். சில சமயம் ஓரிரு சான்றுகளைத் திருத்தக் கேட்பார். அதன் பிறகே சான்றிதழ் கோரப்படும். இதற்கு எனக்கு ஏழு வாரங்கள் ஆயின. வேலை விண்ணப்பத்துக்கான கடைசித் திகதி ஏதும் இருந்தால் இதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

பின்னர் சேர்த்தவை

கட்டணம் பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். 19 வயது நிரம்பியவர்கள் அட்வான்ஸ்ட் லேர்னர் லோன் என்ற அரச படிப்புக் கடனுக்கு விண்ணப்பிக்கலாம். அதற்கு வருமானத்தைப் பார்ப்பதில்லை. ஆனால் எல்லா நிறுவனங்களும் அதை ஏற்பதில்லை என்பதால் சேரும் முன் கேளுங்கள். அப்ரண்டிஸ்ஷிப், அதாவது சம்பளம் பெற்று வேலை செய்தபடியே படிக்கும் முறை, வேலை கொடுப்பவர் ஒருவர் இருந்தால் மட்டுமே நடக்கும் என்பதால், சுயதொழிலாகச் செய்யும் நமக்கு அது பொருந்தாது.

கணிதத்தில் தேர்ச்சி இல்லை என்பதால் தயங்கிய ஒரு வாசகருக்கு: 2024 ஜனவரி முதல், நேர்சரியில் லெவல் 3 ஊழியராக எண்ணப்படுவதற்கு லெவல் 2 கணிதம் தேவையில்லை. லெவல் 2 ஆங்கிலம் தேவை, ஜி.சி.எஸ்.இ. (இங்கிலாந்தில் 16 வயதில் எழுதும் பாடசாலைத் தேர்வு) இல்லாதவர்கள் அதற்கு மாற்றாக ஃபங்ஷனல் ஸ்கில்ஸ் தேர்வை எழுதலாம். அதை டிப்ளோமாவுக்குப் பிறகு என்று தள்ளிப்போடாமல், அவதானிப்புத் திகதிக்காகக் காத்திருக்கும் வாரங்களில் படித்துவிடுங்கள்.

ஊரில் முன்பள்ளி ஆசிரியராக இருந்த ஒருவர், தன் பழைய சான்றிதழ் போதாதா என்று கேட்டிருந்தார். புதிதாகச் சேர்வதற்கு முன், வெளிநாட்டுத் தகுதிகளை ஒப்பிட்டுச் சொல்லும் யு.கே. எனிக் அமைப்பின் மூலம் அதை ஒப்பிட்டுப் பாருங்கள். முழுத் தகுதியாக ஏற்கப்படாவிட்டாலும், கற்கைநெறி நடத்துபவரிடம் அந்த ஒப்பீட்டுக் கடிதத்தைக் காட்டி, முன்பு கற்றவற்றுக்காக எந்த அலகுகளைக் குறைக்க முடியும் என்று முதல் சந்திப்பிலேயே கேளுங்கள். அலகுகளைத் தொடங்கிய பிறகு கேட்டால், ஏற்கெனவே எழுதி முடித்தவற்றுக்கு அந்தச் சலுகையால் பயன் இருக்காது.