எது கோள், எது கோளன்று: குழந்தைகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சூரியக் குடும்பத்தில் கோள் என்று எதைச் சொல்லலாம் என்பதற்கு, பன்னாட்டு வானியல் ஒன்றியம் 2006 ஆகஸ்ட் 24 அன்று பிராக் நகரில் மூன்று நிபந்தனைகளை வகுத்தது. அந்தப் பொருள் சூரியனைச் சுற்ற வேண்டும். தன் ஈர்ப்பு விசையாலேயே உருண்டையாகும் அளவுக்கு நிறை பெற்றிருக்க வேண்டும். தன் சுற்றுப்பாதையின் அக்கம்பக்கத்தில் தனக்கு ஈடாக வேறொன்றும் இல்லாதபடி அந்த வட்டாரத்தைத் துப்புரவாக்கியிருக்க வேண்டும்.

பெரியதெல்லாம் கோள் என்று எண்ணுவதுதான் பலரும் செய்யும் முதல் தவறு. கனிமீடின் விட்டம் 5,268 கி.மீ.; புதனுக்கோ 4,879 கி.மீ. மட்டுமே. ஆனாலும் கனிமீடு வியாழனைச் சுற்றுவதால் அது துணைக்கோள், புதன் சூரியனைச் சுற்றுவதால் அது கோள். துணைக்கோள், சிறுகோள், குறுங்கோள், செயற்கைக்கோள் என்று எல்லாமே தமிழில் 'கோள்' என முடிவதால் குழப்பம் வருவது இயல்புதான். முன்னால் நிற்கும் சொல்லையும் சேர்த்தே படியுங்கள்.

உருண்டை என்றால் பந்து போன்ற முழு உருண்டை என்றும் நினைக்க வேண்டாம். வேகமாகச் சுழல்வதால் சனியின் நடுப்பகுதி புடைத்து, அதன் நடுக்கோட்டு விட்டம் துருவ விட்டத்தைவிட ஏறத்தாழ 12,000 கி.மீ. கூடுதலாக இருக்கிறது. செவ்வாயின் துணைக்கோளான போபோஸ் ஏறத்தாழ 27 கி.மீ. நீளமே உள்ளது. மேடுகளை உள்நோக்கி இழுத்துச் சமன்செய்யும் அளவுக்கு அதன் ஈர்ப்புக்கு வலுவில்லாததால், அது உருளைக்கிழங்கைப் போலக் கோணலாகவே இருக்கிறது.

அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது மூன்றாவது நிபந்தனைதான். 1801இல் இத்தாலிய வானியலாளர் பியாட்சி கண்டறிந்த சீரிஸ் முதலில் கோளாகவே எண்ணப்பட்டது. 1802இல் பல்லாஸ், 1804இல் ஜூனோ, 1807இல் வெஸ்டா என அதே வட்டாரத்தில் ஒன்றன்பின் ஒன்றாகக் கிடைத்து, பிறகு எண்ணிக்கை பெருகிக்கொண்டே போனதால், அவை அனைத்தும் சிறுகோள்கள் என்று தனியே பிரிக்கப்பட்டன. 1930இல் கண்டறியப்பட்ட புளூட்டோவுக்கும் அதே கதைதான் நேர்ந்தது: 1992 முதல், நெப்டியூனுக்கு அப்பால் உள்ள கைப்பர் பட்டையில் அதன் அண்டைப் பொருள்கள் வரிசையாகத் தென்பட்டன, 2005இல் ஏறக்குறைய அதே அளவுள்ள ஏரிஸ் அறிவிக்கப்பட்டது. இன்று சீரிஸ், புளூட்டோ, ஏரிஸ் மூன்றுமே குறுங்கோள்கள், அதாவது முதல் இரண்டு நிபந்தனைகளை நிறைவேற்றி மூன்றாவதை நிறைவேற்றாதவை. புளூட்டோவைத் துரத்திவிட்டார்கள் என்று குழந்தைகளிடம் சொல்வது எனக்கு வருத்தம் தருகிறது. அது எங்கும் போய்விடவில்லை, 248 ஆண்டுகளுக்கு ஒருமுறை சூரியனைச் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது.

துப்புரவான பாதை என்றால் வெற்றிடமான பாதை என்று பொருளன்று. வியாழனின் பாதையிலேயே ஆயிரக்கணக்கான சிறுகோள்கள் உள்ளன, ஆனால் அவை வியாழனின் ஈர்ப்புக்குக் கட்டுப்பட்டே சுற்றுகின்றன. பூமியின் நிறையோ, அதன் வட்டாரத்தில் உள்ள மற்றவற்றின் மொத்த நிறையைப்போல் ஏறத்தாழ 17 லட்சம் மடங்கு.

"புளூட்டோ நெப்டியூனின் பாதைக்குள் நுழைகிறதே, அப்படியானால் நெப்டியூன் மட்டும் எப்படிக் கோளாகும்?" என்று கேட்கும் குழந்தை மிகச் சரியான கேள்வியைத்தான் கேட்கிறது. நெப்டியூன் மூன்று முறை சூரியனைச் சுற்றும் காலத்தில் புளூட்டோ சரியாக இரண்டு முறை சுற்றுகிறது; இரண்டும் ஒருபோதும் நெருங்கிவிடாதபடி அந்த ஒழுங்கைக் காப்பது நெப்டியூனின் ஈர்ப்பே.