கலகலப்பாக வாழ்ந்த கணவர், அப்பா: நினைவுரை தயாரிப்பது எப்படி

"எப்போதும் சிரித்த முகம், எல்லோரிடமும் அன்பாகப் பழகுவார்." இந்த வரியை யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம். கலகலப்பான ஆளுக்கு இது சுத்தமாகப் பொருந்தாது. கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவருக்கும் அவர் செய்த சேட்டை ஒன்றாவது தெரிந்திருக்கும், உரையில் ஒன்றுமே இருக்காது. அதனால் சேகரிப்பதுதான் முதல் வேலை.

அவருடைய போனிலிருந்து தொடங்குங்கள். ரீசெட் செய்யவோ, எண்ணை ரத்து செய்யவோ அவசரப்படாதீர்கள். வங்கிக்கும் மின்னஞ்சலுக்கும் ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் வரும். வாட்ஸ்அப் கணக்கு 120 நாள் பயன்பாடில்லாமல் கிடந்தால் பொதுவாக நீக்கப்பட்டுவிடும். கூகுள் கணக்கை 2 ஆண்டு யாரும் தொடாவிட்டால் அதிலுள்ள படங்களும் போய்விடலாம். அவர் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்கள் வாங்கியவர்களின் போனிலும் இருக்கும். அவர்களிடம் சொல்லி, அந்த வாட்ஸ்அப் உரையாடலை மீடியாவோடு எக்ஸ்போர்ட் செய்து வாங்குங்கள். கணினியில் ஒரு பிரதி, வேறொரு வீட்டில் ஹார்ட் டிஸ்கில் ஒரு பிரதி இருக்கட்டும். படத்தை எங்கிருந்தாவது தேடி எடுத்துவிடலாம். அவர் குரல் போனால் போனதுதான்.

அடுத்து ஆட்களிடம் கேளுங்கள். மனைவி, பிள்ளைகள், கூடப் பிறந்தவர்கள், பள்ளித் தோழர், வேலையிடத்து நண்பர் என்று தனித்தனியாக, ஆளுக்கு 20 நிமிடம் போதும். எல்லோரையும் ஒன்றாக உட்கார வைத்தால் சத்தமாகப் பேசுபவர் கதை சொல்வார், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். "அவர் எப்படிப்பட்டவர்?" என்று கேட்டால் "தங்கமான மனுஷன்" என்றுதான் பதில் வரும். "உங்களை எப்படி ஏமாற்றினார்?", "என்ன பட்டப்பெயர் வைத்தார்?", "எந்த ஜோக்கைத் திரும்பத் திரும்பச் சொல்லி அறுத்தார்?", "எப்போது கோபப்பட்டார்?" என்று கேளுங்கள். அனுமதி வாங்கிப் பதிவு செய்துகொள்ளுங்கள். அவருடைய வாய்ச்சொல் அப்படியே கிடைப்பது அதில்தான்.

5 நிமிட உரைக்கு 400 சொற்கள் போதும். சிரிப்புக்கும் தொண்டை அடைப்பதற்கும் நேரம் விட வேண்டும். 3 சம்பவத்துக்கு மேல் எடுக்காதீர்கள். பிறந்தது, படித்தது, வேலை பார்த்தது எல்லாம் 2 வரியில் முடியட்டும்.

சம்பவத்தைச் சொல்லும்போது அவர் கை என்ன செய்தது, வாய் என்ன சொன்னது என்பது வர வேண்டும். "பிள்ளைகளோடு நன்றாக விளையாடுவார்" என்றால் ஒன்றும் தெரிவதில்லை. "சீட்டாட்டத்தில் ஏமாற்றுவார். பிடிபட்டால் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் நிதானமாகத் துடைத்துக்கொண்டே 'பார்வை சரியில்லப்பா' என்பார்" என்று எழுதினால் ஆள் எதிரே வந்து நிற்பார்.

ஜோக்கைத் தேர்ந்தெடுப்பதில்தான் பெரும்பாலும் சறுக்கல். யாரைக் கிண்டல் செய்த கதையோ, அவரிடம் முன்பே கேட்டுவிடுங்கள். அவர் முகம் லேசாக மாறினாலும் விட்டுவிடுங்கள். விளக்கம் சொன்னால்தான் புரியும் என்றால் அதுவும் வேண்டாம். குடித்துவிட்டு அடித்த கூத்து நண்பர்களுக்கு வேடிக்கையாக இருக்கலாம், மனைவிக்கு அது வேறு கதை. சிரிக்க வைக்கும் முதல் சம்பவம் முதல் நிமிடத்துக்குள் வரட்டும். சிரிக்கலாமா கூடாதா என்ற தயக்கம் அப்போதுதான் கலையும்.

அவர் விளையாட்டை விட்ட நேரம் ஒன்றும் உரையில் இருந்தாக வேண்டும்: பிள்ளைக்குக் காய்ச்சல் என்று விழித்திருந்த இரவு, கடன் அடைத்த வருடம், நண்பனுக்காகப் போய் நின்ற இடம். அது இல்லாவிட்டால் மனிதர் வெறும் கோமாளியாகத் தெரிவார். கலகலப்பான ஆளின் வீட்டில் கணக்கு வழக்கைப் பார்த்துக்கொண்டது பல நேரம் இன்னொருவராகத்தான் இருக்கும். அதைச் சொல்லலாமா என்று மனைவியே முடிவு செய்யட்டும்.

சின்னப் பிள்ளைகளை மைக் முன்னால் தள்ளாதீர்கள். வீட்டிலேயே 30 விநாடி பேச வைத்துப் பதிவு செய்து ஒலிக்க விடலாம்.

உரையை 16 அல்லது 18 பாயிண்ட் எழுத்தில், தாளின் ஒரு பக்கம் மட்டும், பக்க எண்ணோடு அச்சடியுங்கள். ஒரு பத்தி இரண்டு தாளில் உடையக் கூடாது, புரட்டும்போது தடுமாறும். சத்தமாக 3 முறை வாசித்துப் பாருங்கள். குரல் எங்கே உடைகிறது என்று முதல் தடவையே தெரிந்துவிடும். அந்த வரிக்கு முன்னால் ஒரு கோடு போட்டு, அங்கே நிறுத்தி ஒரு வாய் தண்ணீர் குடியுங்கள். சிரிப்பு அடங்குமுன் அடுத்த வரிக்குப் போனால் அது யார் காதிலும் விழாது. முன்வரிசையில் ஒருவரிடம் இன்னொரு பிரதி இருக்கட்டும். முடியாமல் போனால் அவர் எழுந்து தொடர்வார்.

படக்காட்சி வைத்தால் 40 படம், ஒன்றுக்கு 5 விநாடி, மொத்தம் 3 நிமிடம் 20 விநாடி. வரிசையாக நின்று எடுத்த குரூப் படங்களைக் குறைத்து, அவர் எதையோ செய்துகொண்டிருக்கும் படங்களைச் சேருங்கள். பழைய படங்களை 300 டிபிஐயில் (ஸ்கேனரில் தெளிவைக் குறிக்கும் அளவு) ஸ்கேன் செய்யலாம், சின்னதைப் பெரிதாக்க வேண்டுமானால் 600. ஆல்பத்தில் ஒட்டிக்கொண்ட படத்தை உரிக்காதீர்கள், மேல்பூச்சு பெயர்ந்துவிடும். அப்படியே பக்கத்தோடு, ஃபிளாஷ் போடாமல் படமெடுங்கள். படத்தில் இருப்பவர் பெயரைப் பின்பக்க ஓரத்தில் மெல்லிய பென்சிலால் எழுதலாம். பால்பாயிண்ட் பேனா அழுந்தி முன்பக்கம் தடம் விடும்.

கூட்டம் முடிந்து கிளம்பும்போது, "இன்னொன்று சொல்லவே இல்லையே" என்று வாசலில் நாலு பேராவது ஆரம்பிப்பார்கள். போனில் பதிவு செய்ய ஒருவரை அங்கேயே நிறுத்திவையுங்கள்.