பிள்ளை பார்க்கும் வீட்டில் மதியச் சாப்பாடு: புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம், செம்பனைத் தோட்டங்களை ஒட்டிய எங்கள் டவுனில் காலை ஆறரைக்கே என் வீட்டுக்குப் பிள்ளைகள் வந்துவிடும். பாதித் தூக்கம், வாயில் பால் புட்டி. அம்மா அப்பாவுக்கு வேலைக்குப் போகிற அவசரம். தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட அந்தக் காலத்து ஆயாக் கொட்டகையிலும் இதே காட்சிதான். 1984-ஆம் ஆண்டுக் குழந்தைப் பராமரிப்பு மையச் சட்டப்படி நாலு முதல் ஒன்பது பிள்ளைகள் வரை வீட்டிலேயே பார்க்கலாம், பதிவு கட்டாயம். கீழே சொல்வதெல்லாம் 1 முதல் 4 வயதுப் பிள்ளைகளுக்கு. அதற்கும் சின்னதுகளுக்குப் பால்தான் முக்கியம், தேன் ஒரு சொட்டுகூட வேண்டாம்.

முதலில் நேரம்

எட்டுக்குப் பசியாறல், பத்தேகாலுக்குப் பழம், பன்னிரண்டுக்குச் சோறு, மூன்றுக்கு ஏதாவது கொஞ்சம். நடுவில் வெறும் தண்ணீர். பிஸ்கட்டும் புட்டியும் எந்நேரமும் கையில் இருந்தால் பிள்ளைக்கு எப்படிப் பசிக்கும்? "சாப்பிடவே மாட்டேங்குது" என்று பெற்றோர் சொல்லும்போது நான் முதலில் கேட்பது இதைத்தான்.

தேத்தண்ணி கொடுக்காதீர்கள். சாப்பாட்டிலுள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள அது விடாது. இனிப்பு டின்பால் பாலுக்கு ஈடே அல்ல, பாதியளவு சர்க்கரை.

அடுத்தது தட்டு

சுகாதார அமைச்சு சொல்லும் 'சுக்கு சுக்கு செபாரு' உங்களுக்குத் தெரிந்திருக்கும்: தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீன், முட்டை, பருப்பு மாதிரி, மீதிப் பாதி காயும் பழமும். சின்னப் பிள்ளைக்கு அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள். முட்டை, மீன், கச்சாங் (கடலை) யாருக்காவது ஒத்துக்கொள்ளாதா என்று முதல் நாளே அம்மாவிடம் கேட்டு எழுதி வையுங்கள்.

இனி சமையல்: பாயம் கீரைப் பருப்பு

ஆறு பிள்ளைகளுக்கு முக்கால் கப் துவரம்பருப்பு, மூன்று கப் தண்ணீர், ஒரு சிட்டிகை மஞ்சள். குக்கரில் நாலு விசில். பொடியாக நறுக்கிய ஒரு கட்டுப் பாயம் கீரை (முளைக்கீரை), இரண்டு பல் பூண்டு, ஒரு தக்காளி சேர்த்து, கீரை துவளும்வரை கொதிக்க விடுங்கள். தக்காளியை விடாதீர்கள், கீரையின் இரும்புச்சத்து உடம்பில் சேர அந்தப் புளிப்பு உதவும்.

நெத்திலியைப் பத்து நிமிடம் ஊறவைத்து, இரண்டு தண்ணீர் அலசி, தலையும் குடலும் நீக்கி, மொறுமொறுப்பாக வறுத்து இடித்துத் தூளாக்குங்கள். ஒரு கரண்டித் தூள் பருப்பில். நெத்திலியில் மிச்சமிருக்கும் உப்பே போதும், தனியாகப் போட வேண்டாம். சின்ன வெங்காயமும் சீரகமும் எண்ணெயில் தாளித்துக் கொட்டி, குழைய வடித்த சோற்றில் பிசைந்தால், வாசத்துக்கே பிள்ளைகள் பாயில் வந்து உட்கார்ந்துவிடும். பெரியவர்களுக்கு உப்பும் சம்பலும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஊட்டும்போது

இதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியம். என்ன கொடுப்பது, எப்போது கொடுப்பது என்பது நம் பொறுப்பு. எவ்வளவு சாப்பிடுவது என்பது பிள்ளையின் வயிறு சொல்வது. "போதும் ஆயா" என்றால் "சரிடா கண்ணு" என்று தட்டை எடுத்துவிடுங்கள். தாடையைப் பிடிப்பது, கைப்பேசியைக் காட்டி வாயில் திணிப்பது இரண்டும் வேண்டாம். புதுச் சாப்பாட்டைப் பிள்ளை ஏற்க எட்டு, பத்து, சிலநேரம் பதினைந்து முறைகூட ஆகும். என்னிடம் வரும் இரண்டு வயதுச் செல்லம் ஒன்று, கீரையை முதல் வாரம் முழுக்கத் தரையில்தான் தேய்த்தது. அப்புறம் விரலை நக்கியது. மூன்றாவது வாரம் பக்கத்துப் பிள்ளையின் தட்டிலிருந்து எடுத்துத் தின்றது.

தொண்டையில் அடைப்பவை

திராட்சையை நீளவாக்கில் நாலாக நறுக்குங்கள். ரம்புத்தான், லொங்கான் என்றால் கொட்டையை எடுத்துச் சதையைச் சிறிதாகப் பிய்த்துக் கொடுங்கள். முழுக் கச்சாங் ஐந்து வயதுவரை கண்ணில் காட்டாதீர்கள். சாப்பிடும் பிள்ளை உட்கார்ந்தே சாப்பிட வேண்டும், நீங்களும் எழுந்து போகக் கூடாது.

சாயங்காலம் அழைக்க வரும் அம்மா "நல்லா சாப்பிட்டானா?" என்றுதான் கேட்பார். நான் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறேன்: 'பருப்புச் சோறு பாதி, பப்பாளி மூன்று துண்டு, கீரை தொட்டுப் பார்த்தான்.' அதைக் காட்டிவிட்டால், ராத்திரி என்ன சமைப்பது என்று அவருக்கும் தெரிந்துவிடும்.