சென்சரில் லைட் எரிந்தால் மட்டும் போதாது

போன வாரம் ஒரு தம்பி போன் செய்தான். "அண்ணே, ஹோமிங் கொடுத்தேன், சென்சர்ல லைட் எரிஞ்சுது, அதோட போர்டு பேச மாட்டேங்குது." ஹோமிங் என்றால் மெஷின் தன் தொடக்க இடத்தைத் தேடிப் போவது, சென்சர் என்றால் இரும்பு எதிரே வந்ததைத் தொடாமலே உணரும் ப்ராக்ஸிமிட்டி சென்சர். எனக்கு எரிச்சல்தான் வந்தது. அவன் மேல் இல்லை, சிஎன்சி (கம்ப்யூட்டர் ஓட்டும் வெட்டு மெஷின்) கட்ட ஆரம்பித்த புதிதில் இதையே இரண்டு முறை செய்த என் மேல். பிரவுன் பிளஸ், நீலம் மைனஸ், கறுப்பு சிக்னல் என்பதையெல்லாம் இங்கே சொல்லப் போவதில்லை, சென்சர் மேலேயே படம் போட்டிருக்கும். இந்தச் சென்சரில் நாம் செய்யும் தப்புகள் மட்டும் இதோ.

கறுப்பு வயரை அளக்காமல் செருகுவது

நம்மில் பலர் வாங்குவது எல்ஜே12ஏ3 என்ற மாடல். கடைசி எழுத்துகளில்தான் விஷயம் இருக்கிறது: பிஎக்ஸ் என்றால் என்பிஎன், பிஒய் என்றால் பிஎன்பி. இரும்பைக் கண்டால் என்பிஎன் கறுப்பு வயரை மைனஸோடு சேர்க்கும், பிஎன்பி பிளஸ்ஸோடு சேர்க்கும். பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். நான் கேட்டது பிஎக்ஸ், கவரில் இருந்தது பிஒய், படித்துப் பார்க்காதது என் தப்பு. 24 வோல்ட் கொடுத்து, கறுப்பு வயரை மெஷினை ஓட்டும் ஆர்டுயினோ ஊனோ போர்டின் 9ஆம் பின்னில் செருகினேன். ஸ்பேனரைக் காட்டுவதற்கு முன்பே லிமிட் (ஓட்டத்தின் எல்லை) விழுந்துவிட்டது என்றது போர்டில் ஓடும் ஜிஆர்பிஎல் மென்பொருள். அங்கேயே நிறுத்தி யோசித்திருக்க வேண்டும். நானோ லிமிட் சிக்னலைத் தலைகீழாகப் படிக்கச் சொல்லும் $5 செட்டிங்கை 1 ஆக்கினேன், புகார் போய்விட்டது, பெரிய ஆள் ஆகிவிட்டதாக நினைப்பு வேறு.

நடந்தது இதுதான். பிஎன்பி சும்மா இருக்கும்போது உள்ளே இருக்கும் மின்தடை கறுப்பு வயரைப் பூஜ்யத்தின் பக்கம் இழுத்துவைக்கிறது, அதைத்தான் போர்டு லிமிட் என்று படித்தது. இரும்பு எதிரே வந்ததும் அதே வயரில் முழு 24 வோல்ட் இறங்குகிறது, 5 வோல்ட்டுக்குச் செய்த பின்னில்! மெஷினின் நகரும் பாகம் மெதுவாக வந்தது, எல்இடி எரிந்தது, போர்டு செத்தது. யூஎஸ்பி கேபிள் போய்விட்டது போல என்று கேபிளை மாற்றிப் பார்த்து, அப்புறம் புது போர்டு வாங்கி, அதையும் அதே வயரில் செருகி, அதையும் கொன்றேன்.

என்பிஎன்னும் சாது இல்லை. பலவற்றில் உள்ளேயே ஒரு புல்அப் மின்தடை (கறுப்பு வயரைப் பிளஸ் பக்கம் இழுப்பது) இருப்பதால், சும்மா இருக்கும்போது கறுப்பு வயரில் சப்ளை வோல்ட்டேஜ் அப்படியே நிற்கும். மின்தடை வழியாக வருவதால் போர்டு உடனே சாகாது, அதனால்தான் "எனக்கு ஓடுதே" என்று சொல்பவர்கள் இத்தனை பேர்.

கறுப்பு வயரைப் போர்டில் சேர்க்காமல் விட்டு, மீட்டரின் ஒரு முனையை நீலத்திலும் இன்னொன்றைக் கறுப்பிலும் வைத்து, இரும்பைக் காட்டாமல் ஒரு முறை, காட்டி ஒரு முறை அளங்கள். 5-க்கு மேல் எது வந்தாலும் நேராகச் செருகாதீர்கள். என்பிஎன் என்றால் ஒரு 1என்4148 டையோடு போதும், கோடு போட்ட முனை சென்சர் பக்கம், இரண்டு சப்ளைக்கும் கிரவுண்ட் ஒன்றாக இருக்க வேண்டும். சிக்னலை ஒளி வழியாகக் கடத்தும் பிசி817 ஆப்டோகப்ளர் இன்னும் நிம்மதி.

எல்லாவற்றுக்கும் $26-ஐ ஏற்றுவது

ஸ்பிண்டில் (வெட்டும் மோட்டார்) ஓடும்போது காரணமில்லாமல் அலாரம் 1, அதாவது ஹார்டு லிமிட் தொட்டுவிட்டது என்ற எச்சரிக்கை, வருகிறதா? உடனே $26-ஐ, அதாவது சிக்னல் அடங்கக் காத்திருக்கும் டிபவுன்ஸ் நேரத்தை, 250 மில்லிசெகண்டிலிருந்து 500 ஆக்குவார்கள். $26 ஹோமிங்குக்கு மட்டும்தான், ஹார்டு லிமிட்டை அது தொடவே தொடாது. ஷீல்டு வயர் போட்டு, ஷீல்டை ஒரு முனையில் மட்டும் கிரவுண்ட் செய்து, மோட்டார் வயர்களிலிருந்து தள்ளி இழுங்கள். போர்டு பக்கம் சிக்னலுக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் ஒரு 0.1 மைக்ரோஃபாரட் கபாசிட்டர். மாற்றிய பிறகு ஜிஆர்பிஎல்லுக்கு ? அனுப்பிப் பாருங்கள், சென்சர் எதிரே எதுவும் இல்லாதபோது பதிலில் எக்ஸ், ஒய், இசட் எழுத்து எதுவும் வரக் கூடாது.

அலுமினியத்தைக் காட்டுவது

சென்சர் உணரும் தூரம் 4 மிமீ என்பது இரும்புக்குச் சொன்னது. அலுமினியத்துக்குப் பாதி கூடக் கிடைக்காது. சென்சர் எதிரே வரும் இடத்தில் ஒரு இரும்பு போல்ட் முறுக்கிவிடுங்கள்.

இசட் லிமிட்டை 11-இல் செருகுவது

ஸ்பிண்டில் வேகத்தைப் பிடபிள்யூஎம் சிக்னலால் மாற்றும் ஜிஆர்பிஎல்லில் இசட் லிமிட் பின் 12.

சென்சருக்கு 5 வோல்ட்

குறைந்தது 6 வேண்டும்.

இரும்புத் தூள்

சென்சர் முகத்தில் ஒட்டினால் துடையுங்கள்.