க்ரீம் போட்ட இடத்தில் கோடு விழுந்த பிறகு

போன வாரம் எங்கள் மெடிக்கலுக்கு வந்த ஒருவர், "அண்ணே, தொடை இடுக்குல கோடு கோடா விழுந்திருச்சு. தழும்பு போக ஏதாவது குடுங்க" என்றார். புதிதாகச் சேர்ந்த பையன் எடுத்து நீட்டியது, கோடு விழக் காரணமான அதே வகை க்ரீம். டியூபைத் திரும்ப வாங்கி வைத்தேன். பையனைத் திட்ட வாய் வரவில்லை. கவுன்ட்டரில் நின்ற புதிதில் நானும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

காலாவதித் தேதி பார்ப்பது, கை கழுவுவதெல்லாம் உங்களுக்கே தெரியும். அதை விடுங்கள். இந்த விஷயத்தில் பலரும் செய்கிற தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

ஸ்டீராய்டு தந்த தழும்புக்கு ஸ்டீராய்டே போடுவது

இன்றும் எனக்கு எரிச்சல் வருவது இதில்தான். படர்தாமரைக்கென்று சீட்டு இல்லாமல் வாங்கும் கலவை க்ரீம்கள் பலவற்றில் பூஞ்சைக்கு ஒரு மருந்து, கிருமிக்கு ஒரு மருந்து, கூடவே குளோபிடாசால் என்ற வீரியம் மிகுந்த ஸ்டீராய்டும் (சிவப்பையும் அரிப்பையும் அடக்கும் மருந்து) இருக்கும். இரண்டே நாளில் அரிப்பு நிற்கும். பூஞ்சை சாகாது, சிவப்பும் அரிப்பும்தான் அடங்கியிருக்கும். நிறுத்தினால் வட்டம் முன்னைவிடப் பெரிதாகத் திரும்பும். மறுபடி ஒரு டியூப். மாதக்கணக்கில் இப்படியே போனால் தோலைத் தாங்கும் நாரான கொலாஜன் உள்ளே நைந்து சிவப்புக் கோடுகள் விழும். அப்புறம் அவை வெளுத்துப் பளபளக்கும்.

குளோபிடாசாலைத் தொடர்ந்து 2 வாரத்துக்கு மேல் போடக் கூடாது. இடுக்குகளில் இன்னும் ஆபத்து. ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டை வைத்து 1967-ல் வெளியான ஓர் ஆய்வில், முன்கையைவிட விதைப்பைத் தோல் 42 மடங்கு அதிகம் உறிஞ்சியது தெரியவந்தது. கையில் தாங்குகிறதே என்று அங்கே பூசினால் கணக்கு தப்பிவிடும்.

என் மச்சானுக்கு நானே அந்த டியூபைக் கொடுத்தேன். ஒன்றல்ல, ஏழெட்டு. கடைசியில் தோல் டாக்டரிடம் கூட்டிப்போனபோது, அவர் தொடையைப் பார்த்துவிட்டு "இதை யார் கொடுத்தது?" என்றார். மச்சான் வாய் திறக்கவில்லை. நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போதும் பம்ப்செட்டில் எல்லாரும் துண்டோடு குளிக்க, அவர் மட்டும் கைலியை இறக்கிக் கட்டிக்கொண்டு நிற்பார்.

அதனால் எந்தத் 'தழும்பு க்ரீம்' வாங்கினாலும் டியூபைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படியுங்கள். குளோபிடாசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு. குளோட்ரிமசோலைப் பார்த்து மிரள வேண்டாம். பெயர்தான் ஒத்துப்போகிறது; அது வெறும் பூஞ்சை மருந்து.

கோடு முழுசாக மறையும் என்று நம்புவது

மறையாது. சிவப்பாக இருக்கும்போதே டாக்டரைப் பார்த்தால் ட்ரெட்டினாய்ன் என்ற பூசும் மருந்து, லேசர் என்று ஓரளவு மங்க வைக்கலாம். கர்ப்பிணிகளுக்கு ட்ரெட்டினாய்ன் கூடாது.

கருமையையும் கோட்டையும் ஒன்றாகப் பார்ப்பது

படர்தாமரை ஆறிய இடத்துக் கருமை வேறு. சொறியாமல், உரசல் இல்லாமல் விட்டால் சில மாதங்களில் தானே மங்கும். க்ரீமால் வெளுத்த தோலும், நிறுத்தியபின் பெரும்பாலும் மெல்ல நிறம் திரும்பும்.

எலுமிச்சம்பழம் தேய்ப்பது

வேண்டாம்.

முகத்துக்குப் போட்டதைத் தானாக நிறுத்துவது

சிவப்பழகுக்கென்று மாதக்கணக்கில் ஸ்டீராய்டு க்ரீம் போட்டவர்கள் ஒரே நாளில் விட்டால் முகம் சிவந்து எரியும், பரு கொப்பளிக்கும். படிப்படியாக எப்படி விடுவது என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும். பலர் எரிச்சல் தாங்காமல் மூன்றாம் நாளே அதே டியூபைக் கேட்டு வருவார்கள். நான் இப்போது கொடுப்பதில்லை. அடுத்த தெருக் கடையில் வாங்கிக்கொண்டு, எங்கள் கடையைத் தாண்டித்தான் வீட்டுக்குப் போகிறார்கள்.